விப்ரியோவின் ஜீனோமில் மருந்துக்கும் தடுப்பூசிக்கும் இலக்கு தேடுவது எப்படி: மண்டபம் கரையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

போன ஆவணியில் தொண்டிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தார். "தம்பி, குளத்துத் தண்ணியில கையை விட்டு அலசினா பச்சையா மின்னுது. செக் ட்ரேயில தீவனம் அப்படியே கிடக்கு. என்ன மருந்து போடலாம்?" மின்னுவது விப்ரியோ என்ற கடல் பாக்டீரியா என்று சொல்ல முடிந்தது. மருந்து என்ன என்று சொல்ல முடியவில்லை. ஒரு காலத்தில் பண்ணைகளில் புழங்கிய குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் எல்லாம் இன்று தடை. எச்சம் கண்டுபிடிக்கப்பட்டால் ஏற்றுமதிச் சரக்கே திரும்பி வரும். தடை இல்லாவிட்டாலும் கடல்நீரில் ஆன்டிபயாட்டிக்கைக் கொட்டினால் எதிர்ப்புள்ள பாக்டீரியாவைத்தான் வளர்க்கிறோம்.

அப்படியானால் விப்ரியோவின் உடம்பில் இதுவரை யாரும் அடிக்காத இடம் எது? கிருமியின் ஜீனோமில் (அதன் முழு டிஎன்ஏ எழுத்து வரிசையில்) அதைத் தேடுகிற வேலையில் பாதியை இன்று ஒரு லேப்டாப்பை வைத்தே செய்துவிடலாம். எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்கிற பிள்ளைகள் மாதத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்டு வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். விப்ரியோவை வைத்துச் சொன்னாலும் வேறு எந்தக் கெட்ட பாக்டீரியாவுக்கும் இதே வழிதான்.

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்: யாரைக் காப்பாற்றப் போகிறீர்கள்?

இதை முதலில் எழுதி சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். மனிதனையா, மீனையா, இறாலையா? பின்னால் வரும் ஒவ்வொரு சல்லடையும் இந்தப் பதிலைப் பொறுத்துத்தான் மாறும், ஆனால் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதை யோசிக்காமலே ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மனிதன் என்றால், சரியாக வேகாத கடல் உணவிலிருந்து வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் இருக்கிறது. 1950-இல் ஜப்பானின் ஒசாகாவில் சின்ன மீன் சாப்பிட்டு 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தபோது முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது இதுதான். மீன் முள் குத்திய புண் வழியாக நுழைந்து, கல்லீரல் கெட்டவர்களை ஓரிரு நாளில் சாய்க்கக்கூடிய விப்ரியோ வல்னிஃபிகஸ் இன்னொன்று. மீன் என்றால் நம் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010-இல் குஞ்சு பொரிக்க வைத்த கடல் விரால் மாதிரி கூண்டில் வளரும் மீன்கள். அவற்றுக்குத் தடுப்பூசி போட முடியும். நார்வே பக்கம் சால்மனுக்கு விப்ரியோ தடுப்பூசி போடுவது பழைய சங்கதி.

இறாலுக்கு? இங்கேதான் நான் முதல் தடவை மானம் போனேன். படிக்கும் காலத்தில் இறாலைக் கொல்லும் விப்ரியோவை எடுத்துக்கொண்டு, ஆய்வுக் கட்டுரைகளில் எல்லாரும் செய்வது போலவே மனிதப் புரதங்களைக் கழித்து, கடைசியில் "ஏழு தடுப்பூசி இலக்குகள்" என்று பெருமையாக எழுதி வைத்தேன். வைவாவில் வெளித்தேர்வாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இறாலுக்கு ஆன்டிபாடி எங்கேப்பா இருக்கு?" இறாலுக்கு ஆன்டிபாடியும் கிடையாது, நம்மைப் போல் நினைவு வைக்கிற டி செல், பி செல்லும் கிடையாது. ஒருமுறை பட்ட கிருமியிடம் அடுத்த முறை கொஞ்சம் உஷாராக இருக்கிறது என்று சில ஆய்வுகள் காட்டினாலும், அதை நம்பி எபிடோப் (ஆன்டிபாடி பிடிக்கும் துண்டு) தேடுவது வெட்டி வேலை. ஆக, இறாலுக்கு என்றால் மருந்துப் பாதை, இல்லாவிட்டால் கிருமியின் நஞ்சை முடக்கும் பாதை. தடுப்பூசிப் பாதை மீனுக்கும் மனிதனுக்கும்தான்.

கிருமியைப் பிடிப்பது

சொந்தமாகக் கிருமி இல்லையென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு, என்சிபிஐ என்ற இலவசத் தரவுத்தளத்திலிருந்து ஜீனோமை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் நம் கரையின் கிருமிக்கு நம் கரையின் ஜீனோம்தான் வேண்டும் என்பது என் கட்சி.

மாதிரி எடுக்கப் போகும் முன் அனுமதி விஷயத்தைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் தண்ணீர் மொள்ளக்கூட அங்கே இறங்கக் கூடாது. பாக் நீரிணைப் பக்கத்துப் பண்ணைக் குளத்துக்கு உரிமையாளர் சம்மதம் போதும்.

விப்ரியோவுக்கு உப்பு வேண்டும். வளர்ப்பு ஊடகத்தில் 3 சதவீதம் உப்புச் சேர்க்காமல், முளைக்கவே இல்லை என்று புலம்பும் பிள்ளைகள் வருஷா வருஷம் உண்டு. விப்ரியோவை வளர்த்துப் பார்க்கும் டிசிபிஎஸ் தட்டில் பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாகவும், காலரா விப்ரியோ மஞ்சளாகவும் வரும். நிறத்தைப் பார்த்து இனத்தை முடிவு செய்துவிடாதீர்கள், அது வெறும் துப்பு. ஒரே காலனியை எடுத்து மூன்று முறை திரும்பத் திரும்பக் கோடிழுத்துச் சுத்தம் செய்யுங்கள். கிளிசரால் கலந்து மைனஸ் 80-இல் நாலு குழாயாவது போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஜீனோம் மட்டும் கையில் இருந்து கிருமி செத்துப்போயிருந்தால், கண்டுபிடித்த எதையும் சோதித்துப் பார்க்க முடியாது.

டிஎன்ஏ பிரித்துச் சீக்வென்சிங்குக்கு (எழுத்து வரிசையைப் படிக்க) அனுப்பும்போது எவ்வளவு ஆழம், அதாவது ஒவ்வொரு எழுத்தையும் எத்தனை தடவை படிக்கக் கேட்பது? பாராஹீமோலிட்டிகஸின் ஜீனோம் ஏறத்தாழ 52 லட்சம் எழுத்து. நூறு மடங்கு ஆழம் என்றால் 52 கோடி எழுத்து. அதற்கு மேல் காசு கொடுப்பது வீண். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக் கூட்டம் இந்தக் கிருமியில் கிட்டத்தட்ட ஒரே மாதிரியாக 11 இடங்களில் இருக்கிறது. இல்லுமினா கருவியின் குட்டை ரீடுகளால் (ஒரே மூச்சில் படிக்கும் துண்டுகளால்) அந்த இடங்களைத் தாண்ட முடியாது, ஜீனோம் அங்கங்கே அறுந்து துண்டு துண்டாக வரும். இலக்குத் தேட துண்டுகளே போதும். நஞ்சு மரபணு குரோமோசோமில் இருக்கிறதா பிளாஸ்மிடில் (தனியாகத் திரியும் சின்ன டிஎன்ஏ வளையத்தில்) இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் நானோபோர் மாதிரி நீண்ட ரீடும் கொஞ்சம் வாங்குங்கள்.

கோடிக் கணக்கான துண்டுகளிலிருந்து மரபணுப் பட்டியல்

கல்லூரியில் சர்வர் இல்லையா? கேலக்ஸி என்ற இலவசத் தளத்தில் பிரவுசர் வழியாகவே எல்லாம் ஓடும். கரண்ட் போனாலும் வேலை அங்கே பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும், நம் ஊருக்கு அதுதான் லாயக்கு. வரிசை இதுதான்: ஃபாஸ்ட்பி கொண்டு தரம் குறைந்த ரீடுகளைக் கழித்து, ஸ்பேட்ஸ் அல்லது யுனிசைக்ளர் கொண்டு கோத்து, செக்-எம் கொண்டு முழுமையையும் கலப்படத்தையும் பார்த்து, பக்டா அல்லது ப்ரோக்கா கொண்டு மரபணுக்களைக் குறிப்பது.

இதில் செக்-எம் படியை மட்டும் யாரும் தாண்டக் கூடாது. முழுமை 95 சதவீதத்துக்கு மேல், கலப்படம் 5-க்குக் கீழ் இருக்க வேண்டும். ஒரு தடவை வெளியே கொடுத்து வாங்கிய தரவில் ஜீனோம் 90 லட்சம் எழுத்துக்கு வந்து நின்றது, "புது பிளாஸ்மிட் கிடைத்துவிட்டது" என்று நாங்கள் ஒரு வாரம் குதித்தோம், கடைசியில் பார்த்தால் வேறு யாருடைய பாக்டீரியாவோ பாதி கலந்திருந்தது. ஜீனோமின் அளவும் ஜிசி விகிதமும் (ஜி, சி எழுத்துகளின் பங்கு; விப்ரியோவுக்கு 45 சதவீதம் ஒட்டி) கண்ணில் உறுத்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

ஒப்பிட ஓர் அளவுகோல்: 2003-இல் வெளியான பாராஹீமோலிட்டிகஸின் முதல் முழு ஜீனோமில் இரண்டு குரோமோசோம்கள், மொத்தம் 4,832 மரபணுக்கள். உங்களுக்கும் நாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து ஐயாயிரத்துச் சொச்சத்துக்குள் வர வேண்டும்.

பெயர் சரிதானா என்று பாருங்கள்

சின்னப் படி, ஆனால் இதில் வழுக்கியவர்கள் பெரிய ஆட்கள். ஒளிரும் விப்ரியோ என்றாலே ஹார்வேயி என்று நம் வாயில் வரும். பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று வேதிப்பொருளால் பேசிக்கொள்வதை உலகுக்குக் காட்டிய பிரபலமான பிபி120 என்ற கிருமி பல வருஷம் ஹார்வேயி என்றே அழைக்கப்பட்டது, அதன் ஜீனோமும் அதே பெயரில்தான் தளத்தில் ஏறியது. 2010-இல் ஜீனோம்களை ஒப்பிட்டபோது அது விப்ரியோ கேம்பெல்லி என்று தெரிந்தது. நீங்கள் இறக்கும் ஐம்பது ஜீனோமில் இரண்டு மூன்று இப்படித் தப்பான பெயரில் இருந்தால் "எல்லாவற்றிலும் பொதுவான மரபணுக்கள்" என்ற அடுத்த கணக்கே நாறிவிடும். ஃபாஸ்ட்-ஏஎன்ஐ என்ற கருவியில் ஜீனோம்களின் சராசரி ஒற்றுமை (ஏஎன்ஐ) பாருங்கள். 95 சதவீதத்துக்குக் கீழே போனால் வேறு இனம், பட்டியலிலிருந்து தூக்குங்கள்.

ஒரு கிருமி போதாது: பான்-ஜீனோம்

உங்கள் கிருமியில் இருக்கும் புரதம் அடுத்த குளத்துக் கிருமியில் இல்லையென்றால் அதை வைத்து என்ன செய்வது? அதனால் என்சிபிஐயிலிருந்து அதே இனத்தின் ஜீனோம்களை இறக்கி, எல்லாவற்றையும் ஒரே கருவியில் புதிதாக அனொடேட் செய்து, அதாவது மரபணுக்களைக் குறித்து (இதில் சோம்பல்பட்டால் கருவி வித்தியாசமே மரபணு வித்தியாசமாகத் தெரியும்), மரபணுக்களை ஒப்பிடும் ரோரி அல்லது பனரூவில் போடுங்கள். எல்லாக் கிருமியிலும் இருப்பவை கோர், சிலவற்றில் மட்டும் இருப்பவை உதிரி, இரண்டும் சேர்ந்தது பான்-ஜீனோம்.

எத்தனை ஜீனோம்? எண்ணிக்கையை விடக் கலவைதான் முக்கியம். 1996-இல் கொல்கத்தாவில் தலைதூக்கி உலகம் முழுக்கப் பரவிய ஓ3:கே6 வகைக்குத் தரவுத்தளத்தில் எக்கச்சக்கப் பிரதிகள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்நூறு இறக்கினால் ஒரே குடும்பத்தின் ஆட்களையே ஐந்நூறு தடவை எண்ணுகிறீர்கள். நோயாளி, மீன், இறால், தண்ணீர் என்று இடம் மாற்றி, நாடு மாற்றி, நூறு எடுத்தால் அது மேல்.

இப்போது ஒரு பெரிய பொறி. பாடப்புத்தக வழி "கோர் மட்டும் எடு, மற்றதை வீசு" என்கிறது. இறால் குஞ்சுகளைச் சீக்கிரமே சாகடிக்கும் ஈஎம்எஸ் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். எச்பி (இறாலின் கல்லீரல் போன்ற செரிமான உறுப்பு) வெளுத்துச் சுருங்கி, குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே குளம் காலியாகும். அதற்குக் காரணமான பிர்-ஏ, பிர்-பி என்ற இரட்டை நஞ்சு இருப்பது சுமார் 70 ஆயிரம் எழுத்து நீளமுள்ள ஒரு பிளாஸ்மிடில். பிளாஸ்மிட் இல்லாத பாராஹீமோலிட்டிகஸ்கள் ஏராளம். அதனால் கோர் சல்லடை போட்டால் இறாலைக் கொல்கிற அந்த நஞ்சே கூடையிலிருந்து விழுந்துவிடும்! நான் பார்த்த புராஜெக்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் கொலையாளியை வெளியே விட்டுவிட்டு வீட்டைப் பூட்டின.

என் வழக்கம் இரண்டு கூடை வைப்பது. முதல் கூடையில் கோர். இரண்டாவதில், உதிரியாக இருந்தாலும் நோய் உண்டாக்கும் கிருமிகளில் மட்டும் திரும்பத் திரும்ப வருபவை. இதற்கு விஎஃப்டிபி என்ற நஞ்சு மரபணுத் தளத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது கூடையை மட்டம் என்று நினைக்காதீர்கள். பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு 2005-இல் எட்டு ஜீனோம்களை வைத்துத் தடுப்பூசி தேடியபோது, எலிகளைக் காப்பாற்றிய நான்கு புரதங்களில் ஒன்று மட்டுமே எல்லாக் கிருமியிலும் இருந்தது. நான்கையும் சேர்த்தால்தான் பரவலான பாதுகாப்பு கிடைத்தது. பான்-ஜீனோம் என்ற சொல்லே அந்த வேலையிலிருந்து பிறந்ததுதான்.

தடுப்பூசிப் பாதை

மீனுக்கோ மனிதனுக்கோ என்று முடிவு செய்தவர்களுக்கு. அடிப்படை எளிது: ஆன்டிபாடி கிருமியின் உள்ளே போகாது, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் பிடிக்கும். அதனால் புரதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முதல் கேள்வி. பிஸார்ட்-பி என்ற கருவி ஒவ்வொரு புரதத்தையும் சைட்டோபிளாசம், உள்சவ்வு, பெரிபிளாசம் (இரு சவ்வுக்கும் நடுவே), வெளிச்சவ்வு, செல்லுக்கு வெளியே என்று பிரித்துக் கொடுக்கும். வெளிச்சவ்வையும் செல்லுக்கு வெளியே போவதையும் வைத்துக்கொண்டு, "தெரியவில்லை" என்று அது கைவிரிப்பவற்றைத் தனியாக ஒதுக்கி, வெளியே போகும் புரதங்களை அடையாளம் காட்டும் சிக்னல்-பி கொண்டு இன்னொரு முறை பாருங்கள், அதில் நல்ல சரக்கு ஒளிந்திருக்கும்.

அடுத்து, சவ்வைக் குறுக்கே துளைக்கும் ஹெலிக்ஸ் ஒன்றுக்கு மேல் இருந்தால் கழிப்பது. காரணம் நடைமுறைதான்: அப்படிப்பட்ட புரதங்களை ஈ.கோலை என்ற ஆய்வக பாக்டீரியாவில் செய்து கரைசலாக எடுப்பது பெரும்பாடு. வெளிச்சவ்வின் பீப்பாய் வடிவப் புரதங்களை இந்தக் கணக்கு எண்ணாது, அதனால் அவை தப்பித்து வரும். வருவது நல்லதுதான், ஆனால் அவற்றைக் கரைப்பதும் சுலபமில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு யாருக்கான தடுப்பூசியோ அவர்களுடைய புரதங்களோடு பிளாஸ்ட் என்ற வரிசை ஒப்பிடும் கருவியில் ஒப்பீடு. மனிதனுக்கு என்றால் மனிதப் புரதம். மீனுக்கு என்றால் அந்த மீன், அதன் ஜீனோம் கிடைக்காவிட்டால் நெருங்கிய உறவு மீன். 35 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் ஒதுக்குங்கள், உடம்பு தன்னைத்தானே தாக்கும் ஆபத்து.

இந்தப் பாதையின் முன்னோடிக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் பி-யின் மேலுறைச் சர்க்கரை நம் நரம்புத் திசுவின் சர்க்கரையைப் போலவே இருப்பதால் பழைய முறைத் தடுப்பூசி எடுபடவில்லை. ரினோ ரப்பூலி குழு அதன் ஜீனோமைப் படித்து, மேற்பரப்பில் இருக்கலாம் என்று சுமார் 600 புரதங்களைக் குறித்து, அவற்றில் 350-ஐ ஈ.கோலையில் செய்து, ஒவ்வொன்றையும் எலிக்குப் போட்டுப் பார்த்தது. கிருமியைக் கொல்லும் ஆன்டிபாடியைத் தூண்டியவை 28. இதெல்லாம் 2000-இல் வெளிவந்தது. தடுப்பூசி ஐரோப்பாவில் அனுமதி பெற்றது 2013 ஜனவரியில். கம்ப்யூட்டர் 600 என்று சொன்னபோது அவர்கள் அதை இன்னும் சுருக்கி ஐந்தாக்கிக்கொண்டு உட்காரவில்லை, 350-ஐயும் கையால் செய்து பார்த்தார்கள். நம்மிடம் அந்தக் காசு இல்லை, அதனால் சுருக்குகிறோம். சுருக்கும்போது நல்லதும் விழும், அதைத் தெரிந்தே செய்யுங்கள்.

அதனால்தான் வாக்ஸிஜென் போன்ற மதிப்பெண் கருவிகளில் எனக்கு அரை நம்பிக்கைதான். புரதத்தின் எழுத்து வரிசையை மட்டும் பார்த்து, 0.4-க்கு மேல் வந்தால் ஆன்டிஜென் என்று சொல்லிவிடும். வரிசைப்படுத்த வைத்துக்கொள்ளலாம், 0.39 வந்தது என்று ஒரு நல்ல வெளிச்சவ்வுப் புரதத்தைத் தூக்கி எறிய அது காரணம் ஆகாது. விப்ரியோக்களில் ஓம்ப்-கே என்ற வெளிச்சவ்வுப் புரதம் இருக்கிறது. பல விப்ரியோ இனங்களில் மாறாமல் இருக்கும், கேவிபி40 என்ற பேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) அதைப் பிடித்துக்கொண்டுதான் கிருமிக்குள் நுழைகிறது. வெளியிலிருந்து வரும் ஒரு வைரஸ் தொட முடிகிறது என்றால் ஆன்டிபாடியாலும் தொட முடியலாம். மதிப்பெண்ணை விட இந்த மாதிரி உயிரியல் சாட்சிக்கு நான் அதிக எடை கொடுப்பேன்.

மருந்துப் பாதை

இங்கே கேள்வி வேறு: எந்தப் புரதத்தை நிறுத்தினால் கிருமி செத்துவிடும்? எல்லா மரபணுவும் உயிருக்கு அவசியமில்லை. ஈ.கோலையில் நாலாயிரத்துச் சொச்சம் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்த ஜப்பானியக் குழு, நீக்கவே முடியாமல் போன 303-ஐ 2006-இல் பட்டியலிட்டது. இப்படிச் சோதித்துக் கண்டவற்றை டிஇஜி என்ற அவசிய மரபணுத் தளத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உங்கள் கோர் புரதங்களை அதோடு பிளாஸ்ட் செய்து, இ-மதிப்பு (தற்செயல் ஒற்றுமைக்கான வாய்ப்பின் அளவு) 0.0001-க்குக் கீழே வருபவற்றை எடுங்கள். விப்ரியோவிலேயே செய்த சோதனை இருந்தால் அதற்கு முதல் மரியாதை, ஈ.கோலைப் பட்டியல் அப்புறம்தான். ஆய்வகக் குழம்பில் அவசியமான மரபணு இறாலின் குடலில் அவசியமில்லாமல் போகலாம், மாறியும் நடக்கலாம். குழம்பில் எல்லாம் கையில் கிடைக்கும், குடலில் கிருமி தானே சமைக்க வேண்டும்.

பிறகு வளர்ப்பு உயிரியின் புரதங்களைக் கழிப்பது. இறால் என்றால் பண்ணைகளில் வளர்க்கும் வனாமி இறாலின் ஜீனோம் 2019-இலேயே வெளிவந்துவிட்டது, இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம் புரத மரபணுக்கள். அதையும் கழியுங்கள், சாப்பிடப்போகிறவன் மனிதன் என்பதால் மனிதப் புரதத்தையும் கழியுங்கள். ஆக இறாலுக்கு இரண்டு கழித்தல்.

ஆனால் கழித்தலை வேதவாக்காக எடுக்க வேண்டாம். டிரைமெத்தோபிரிம் அடிக்கும் டிஎச்எஃப்ஆர் என்ஸைம் நம் உடம்பிலும் இருக்கிறது. மருந்து பாக்டீரியாவின் என்ஸைமை ஆயிரக்கணக்கான மடங்கு இறுக்கமாகப் பிடிப்பதால் நாம் தப்பிக்கிறோம். காசநோய் மருந்து பெடாகுலின் அடிக்கும் ஏடிபி சின்தேஸுக்கு நம் மைட்டோகாண்ட்ரியாவில் அண்ணன் தம்பி உண்டு. கண்டிப்பான சல்லடை இரண்டையும் தூக்கி எறிந்திருக்கும். குளோராம்பெனிகாலும் டெட்ராசைக்ளினும் ஒட்டுவது ரைபோசோமின் ஆர்என்ஏவில், உங்கள் புரதப் பட்டியலில் அது வரவே வராது. வான்கோமைசின் ஒட்டுவது செல்சுவரின் ஒரு துண்டில், அதற்கு மரபணுவே கிடையாது. பட்டியலில் இல்லாதது இலக்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

பெடாகுலின் கதையில் தலைகீழ் வழி ஒன்று இருக்கிறது, எனக்கு இதுதான் பிடித்தது. முதலில் மைக்கோபாக்டீரியாவைக் கொல்லும் வேதிப்பொருள் கிடைத்தது, எங்கே அடிக்கிறது என்று தெரியாது. அதை எதிர்த்துப் பிழைத்த கிருமிகளின் ஜீனோமைப் படித்துப் பார்த்தார்கள். மாறியிருந்தது ஏடிபி சின்தேஸ் மரபணு. 2005-இல் வெளியிட்டார்கள், 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் கரையில் இதைச் செய்ய ஆள் இருக்கிறது, சரக்கும் இருக்கிறது: பாசி, பஞ்சு, கடல் பாக்டீரியா என்று எதிலிருந்தாவது விப்ரியோவைக் கொல்லும் சாறு கிடைத்தால், இலக்கை ஜீனோமில் ஊகிக்க வேண்டியதில்லை, பிழைத்த கிருமியைச் சீக்வென்ஸ் செய்தாலே காட்டிக்கொடுக்கும்.

கழித்து முடித்தபின் கையில் ஐம்பது அறுபது புரதம் மிஞ்சும். அதில் எதை எடுப்பது? செல்சுவர் கட்டும் முர் என்ஸைம்கள், வெளிச்சவ்வுக் கொழுப்பின் எல்பிஎக்ஸ்-சி என்று எல்லாக் கட்டுரையிலும் வரும் பெயர்களே உங்களுக்கும் வரும். தப்பில்லை, ஆனால் அதற்கு ஜீனோம் தேவையில்லை, பாடப்புத்தகம் போதும். நான் சுட்டுவது சோடியம் பம்ப் ஒன்றை. நா-என்க்யூஆர் என்று பெயர். நம் மைட்டோகாண்ட்ரியா ஹைட்ரஜன் அயனியைத் தள்ளி ஆற்றல் சேர்ப்பது போல விப்ரியோ கடலில் நிறைந்து கிடக்கும் சோடியத்தைத் தள்ளுகிறது. மனிதனிலோ மீனிலோ இறாலிலோ இப்படி ஒரு பம்ப் கிடையாது. காலரா விப்ரியோவின் பம்ப் வடிவம் 2014-இல் வெளிவந்தது. கோரோர்மைசின் என்ற பொருள் இதை நிறுத்துகிறது, அதைச் செய்வதும் ஒரு கடல் பாக்டீரியாதான். உப்புத் தண்ணீரில் வாழ்பவனை உப்பின் வழியாகவே பிடிப்பது!

அதற்காக ஆட வேண்டாம். ஜிஎஸ்கே என்ற பெரிய மருந்து நிறுவனம் 1995 முதல் 2001 வரை ஜீனோம் வழியாக 300-க்கு மேற்பட்ட மரபணுக்களை ஆராய்ந்து, 70 பெரிய சோதனைகள் ஓட்டி, ஐந்தே ஐந்து முன்னணிப் பொருள்களோடு நின்றது என்று 2007-இல் தானே எழுதியது. இலக்குக்குப் பஞ்சமில்லை, இலக்கைப் பிடிக்கும் பொருள் கிருமியின் இரட்டைச் சவ்வைத் தாண்டி உள்ளே போக மாட்டேன் என்கிறது, போனாலும் பம்ப் வைத்து வெளியே துப்பிவிடுகிறது. விப்ரியோவும் அதே இரட்டைச் சவ்வு ஜாதி. அதனால் சம மதிப்பெண்ணில் இரண்டு இருந்தால், வெளிச்சவ்வில் அல்லது பெரிபிளாசத்தில் இருப்பதை முதலில் எடுங்கள், ஒரு சுவர் மிச்சம்.

வடிவமும் டாக்கிங்கும்

ஆல்ஃபாஃபோல்ட் தளத்தில் இருபது கோடிக்கு மேற்பட்ட புரத வடிவங்கள் இலவசமாக இருக்கின்றன, உங்கள் புரதமும் பெரும்பாலும் இருக்கும். நம்பிக்கை மதிப்பெண் 70-க்குக் கீழே உள்ள பகுதிகளில் குழி தேடாதீர்கள், அது வெறும் தொளதொளத்த கயிறு. டாக்கிங் என்றால் மருந்துப் பொருள் புரதத்தின் குழியில் எவ்வளவு இறுக்கமாக உட்காரும் என்று கணக்கிடுவது. அதைச் செய்யும் ஆட்டோடாக் வினா மைனஸ் 9 கொடுத்தது என்று குதிப்பதும் வேண்டாம். ஏற்கெனவே வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு பொருளையும், வேலை செய்யாத பத்தையும் அதே குழியில் போட்டுப் பார்த்து, நல்லதை மேலே கொண்டுவருகிறதா என்று சோதித்த பிறகு மற்றவற்றைப் போடுங்கள். இதைச் செய்யாத டாக்கிங் படத்தை நான் இப்போதெல்லாம் பார்ப்பதே இல்லை.

பட்டியலில் ஐந்து பெயர் வந்துவிட்டது, அப்புறம்?

மைனஸ் 80-இல் வைத்த குழாயை இப்போது எடுங்கள். மருந்து இலக்கு என்றால் அந்த மரபணுவை அடக்கிப் பார்த்து, கிருமி வளர்கிறதா என்று பாருங்கள். தடுப்பூசி என்றால் புரதத்தை ஈ.கோலையில் செய்து, மீனுக்குப் போட்டு, அந்த ஆன்டிபாடி முழுக் கிருமியின் மேல் ஒட்டுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கிருமியைச் செலுத்திப் பிழைக்கும் மீனை எண்ணுவது. விலங்கு நெறிக்குழு அனுமதியை முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள், கடைசியில் கேட்டால் ஒரு செமஸ்டர் போச்சு.

ஆன்டிபாடி வந்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று எழுதக் கூடாது. ஸ்டெஃபைலோகாக்கஸின் இரும்பு பிடிக்கும் மேற்பரப்புப் புரதத்தை வைத்துச் செய்த வி710 என்ற தடுப்பூசி ஆன்டிபாடியை நன்றாகவே ஏற்றியது. இதய அறுவை நோயாளிகளிடம் நடந்த சோதனையை 2011-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தக் கிருமி தொற்றியவர்களில் தடுப்பூசி போட்டவர்கள்தான் அதிகம் இறந்தார்கள்.

ஒவ்வொரு சல்லடையிலும் எது விழுந்தது, ஏன் விழுந்தது என்று ஒரு ஷீட்டில் எழுதி வையுங்கள். கருவியின் பதிப்பு எண், தளத்தை இறக்கிய தேதி, வைத்த வரம்பு எல்லாம். ஆய்வக பெஞ்சில் ஐந்தும் தோற்றால் (தோற்கும்) விழுந்தவற்றில்தான் திரும்பத் தேடப் போகிறீர்கள்.

தொண்டி அண்ணனுக்கு அன்று ராத்திரி நான் சொன்னது இதில் எதுவும் இல்லை. தீவனத்தைக் குறைங்க, அடிச்சேற்றை எடுத்துவிடுங்க, அடுத்த தடவை பிசிஆர் சோதனையில கிருமி இல்லைன்னு பார்த்த குஞ்சு வாங்குங்க என்றேன். குளத்துத் தண்ணீரில் ஒரு பாட்டில் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதிலிருந்து பிரித்த கிருமி ஏஎன்ஐயில் கேம்பெல்லி என்று வந்திருக்கிறது. சோடியம் பம்பின் ஆறு மரபணுக்களும் வரிசையாக இருக்கின்றன.